வயிறு நிறைஞ்ச பூனை எதுக்கு எலி புடிக்குது?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எங்க பூனைக்கு மூணு வயசு. ரெண்டு வேளையும் வயிறு முட்ட சாப்பிடுது. ஆனாலும் எலியை பாதி உயிரோட கவ்விட்டு வந்து கட்டில் பக்கத்துல போடுது, ராத்திரி போர்வைக்குள்ள கால் அசைஞ்சா பாய்ஞ்சு கடிக்குது. சாப்பாட்டை குறைக்கட்டுமா, இல்ல திட்டினா நிறுத்துமா?"

ரெண்டும் வேணாம்ங்க. சாப்பாட்டை குறைச்சா பசி தான் கூடும், வேட்டை குறையாது. பூனைக்கு பசி ஒரு கணக்கு, வேட்டை வேற கணக்கு. காட்டுல ஒரு நாளைக்கு பல குட்டி இரை புடிச்சா தான் அதுக்கு பொழப்பு ஓடும், அதுலயும் பாதி தடவை இரை தப்பிச்சிரும், அதனால பசி வந்தப்புறம் கிளம்பலாம்னு உக்காந்திருந்தா கதை முடிஞ்சிரும். ஏதாவது அசைஞ்சா உடனே பாயணும்னு தான் அதோட மூளை அமைஞ்சிருக்கு, உங்க கால் விரலா எலியாங்கறதெல்லாம் அப்புறம்.

இதுல நம்ம பங்கும் இருக்கு. நாயை காவலுக்கு, மேய்க்கறதுக்குன்னு தலைமுறை தலைமுறையா பொறுக்கி வளர்த்தோம். பூனை அப்படி இல்ல, மனுஷன் தானியம் சேர்த்து வச்சான், எலி வந்துச்சு, எலி பின்னாடி காட்டுப்பூனை தானா வந்துச்சு. சைப்ரஸ் தீவுல சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தின ஒரு புதைகுழியில மனுஷனுக்கு பக்கத்துலயே ஒரு பூனையையும் புதைச்சிருந்தத 2004-ல வெளியிட்டாங்க, அவ்ளோ பழைய சகவாசம். எலி புடிச்சதுனால தான் அதை பக்கத்துல விட்டு வச்சோம், அந்த குணத்தை மாத்தணும்னு யாரும் மெனக்கெடல. லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ்ங்கற கட்டடத்துல முதல் பெரிய பூனைக் கண்காட்சி நடந்ததே 1871-ல தான், இனம் இனமா பார்த்து வளர்க்கற மோகமெல்லாம் பெரும்பாலும் அதுக்கப்புறம் வந்தது, அதுவும் முடிக்கும் மூஞ்சிக்கும் தான். இனிப்பு ருசியே தெரியாத, கறி இல்லாம உடம்பு நிக்காத பிராணி அது இன்னிக்கும்.

சரி, என்ன செய்யலாம்? இங்கிலாந்துல எக்ஸிடர் யுனிவர்சிட்டி ஆளுங்க 2021-ல வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு ரொம்ப புடிக்கும், ஏன்னா வீட்டுப் பூனைங்கள வச்சே பார்த்தாங்க. தானியம் இல்லாத, கறிப்புரதம் அதிகமா இருக்கற சாப்பாடு குடுத்த வீட்டுல பூனை கொண்டு வர்ற இரை 36 சதவீதம் குறைஞ்சுது. தினமும் 5-10 நிமிஷம் விளையாட்டு காட்டின வீட்டுல 25 சதவீதம். கழுத்து மணியால பெருசா பிரயோஜனம் இல்ல.

விளையாட்டுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. குச்சியில கட்டின இறகை பூனை மூஞ்சிக்கு நேரா ஆட்டாதீங்க, எந்த எலியும் பூனை வாய்க்கு நேரா ஓடி வராது. தரையோட ஒட்டி இழுங்க, சோபா மூலைக்கு பின்னாடி பாதி மறைங்க, ஒரு செகண்ட் நிறுத்துங்க. பூனை உடம்பை தாழ்த்தி பின்பக்கத்தை லேசா ஆட்டும் பாருங்க, அப்போ இழுத்தா பாயும். கடைசியில கண்டிப்பா புடிக்க விடணும், புடிச்சு பின்னங்காலால உதைச்சு கடிச்சு முடிக்கட்டும், கையோட சாப்பாடு வைங்க. லேசர் லைட் மட்டும் காட்டிட்டு விட்டா கையில எதுவும் சிக்காம எரிச்சல் தான் மிஞ்சும். இதை நீங்க படுக்கறதுக்கு முன்னாடி செய்ங்க, சாப்பிட்டு, நக்கி சுத்தம் பண்ணிட்டு தூங்கிரும். விடியற நேரத்துல மறுபடி சுறுசுறுப்பாகும், அது அதோட வேட்டை டைம், கொஞ்சம் பொறுத்துக்கணும்.

கட்டில் பக்கத்துல போடறது பரிசுன்னு சொல்லுவாங்க, எனக்கு அதுல முழு நம்பிக்கை இல்ல. இரையை பத்திரமான இடத்துக்கு கொண்டு வர்றது பூனை வழக்கம், அதோட பத்திரமான இடம் உங்க ரூம், அவ்ளோ தான். திட்டினா உங்களைப் பார்த்து தான் பயப்படும், எலியை விடாது. சத்தம் போடாம கையுறை போட்டு எடுத்து போட்டுருங்க. அக்கம்பக்கத்துல எலி மருந்து வச்சிருக்காங்களான்னும் கேளுங்க, அந்த எலியை தின்னா பூனைக்கும் விஷம் ஏறும்.

கடிச்சு தோல் கிழிஞ்சா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு டாக்டரைப் பாருங்க, பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமா இறங்கும், சீக்கிரம் சீழ் வைக்கும், ரேபிஸ் ஊசி வேணுமான்னும் அவங்களே சொல்லுவாங்க. கால் அசையாத நேரத்துலயும் திடீர்னு கடிக்க ஆரம்பிச்சா அது வேட்டை இல்ல, எங்கேயோ வலி இருக்கலாம், கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.