தட்டை நிலத்துக்கு எத்தனை புள்ளி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலநிலை மாறினாலும் உயிரினங்களைத் தாங்கி நிற்கக்கூடிய நிலம் எது என்று அறிய எங்கள் சுற்றாடல் கழகம் ஒரு வரைபடம் போட்டது. அமெரிக்காவில் கையாளும் முறையை அப்படியே பின்பற்றினோம். குடும்பிமலைப் பக்கம் புள்ளி கூடிய கரும்பச்சை. கிரானிலிருந்து கடற்கரை வரை புள்ளி குறைந்த ஒரே மஞ்சள். அப்படியானால் கரையோரத்தில் காப்பாற்ற ஒன்றுமில்லையா?
– வாசகர், சந்திவெளி

பதில்: நிறைய இருக்கிறது. மலையையும் வயல் வட்டையையும் ஒரே தராசில் வைத்ததுதான் பிழை.

இந்த முறை இரண்டு விடயங்களைப் பார்க்கிறது. முதலாவது, சுமார் 40 ஹெக்டேயர் வட்டத்துக்குள் மேடு, பள்ளம், சரிவு, ஈரநிலம் என்று எத்தனை வகை நிலம் இருக்கிறது என்பது. வகை கூடினால், வெயில் ஏறும் காலத்தில் தவளையோ செடியோ தூரம் போகாமல் பக்கத்திலேயே ஈரமான மூலையொன்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, சுற்றிவர 3 கிலோமீற்றருக்குள் அந்த இடம் வீதியாலும் குடியிருப்பாலும் எவ்வளவு துண்டுபட்டிருக்கிறது என்பது. இன்று அங்கே எந்த இனம் வாழ்கிறது என்பது கணக்கில் வராது. கூத்தர் மாறலாம், களரி (கூத்தாடும் மேடை) இருக்க வேண்டும், அளப்பது களரியை.

மலைக்கு இயல்பாகவே அதிகப் புள்ளி விழும். ஆகவே நிலத்தை முதலில் இனம் பிரியுங்கள்: கடலோர மணல் திடல், ஆற்று வண்டல் சமவெளி, பாறை எழும்பிய மேற்குப் பகுதி. இந்த மூன்றே தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே சராசரியும் நியம விலகலும் (புள்ளிகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) எடுத்து, வரைபடத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்தின் புள்ளியிலிருந்தும் அதன் இனத்துச் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துவிடுங்கள். வரும் எண் 0.5ஐத் தாண்டினால் அந்த இடம் தன் இனத்துக்குள் சராசரிக்கு மேல். இப்படிச் செய்தால் குடும்பிமலை குடும்பிமலையோடும், வாவிக்கரை வாவிக்கரையோடும் போட்டியிடும்.

அடுத்த சிக்கல் சமவெளிக்குள்ளேயே வரும். நிலவடிவம் பிரிக்கும் மென்பொருள் கருவிகள் 1 பாகைக்குக் குறைந்த சரிவை வழக்கமாகத் ‘தட்டை’ என்று தள்ளிவிடும். அந்த எல்லையைக் குறைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். குறைத்தால் உயரத் தரவிலுள்ள இரைச்சல் (சிறு அளவீட்டுப் பிழைகள்) எல்லாம் மேடாகவும் குழியாகவும் முளைக்கும். 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு மரத்தலையையும் நிலமாகவே எண்ணும். தட்டைக் கரையில் தென்னந்தோப்பு ஒரு குன்றாக எழுந்து நிற்கும். மரமும் கட்டடமும் நீக்கிய ஃபாப்டெம் உயரத் தரவு இதைவிட நல்லது. அதிலும் ஒரு மீற்றர் ஏற்றத்தாழ்வை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நம் பக்கத்தில் மாரியில் நீர் நிற்கும் வயலையும் நிற்காத வயலையும் பிரிப்பது அந்த ஒரு மீற்றர்தான் என்பது வேறு கதை. அதற்கு வட்டைவிதானையிடம் (வயலுக்கு நீர் பங்கிடுபவரிடம்) கேட்பதே துல்லியம்.

எனவே சமவெளியில் மேடு பள்ளத்துக்குப் பதிலாக ஈரநில அடர்த்தியையும் மண் வகையையும் கணக்கிடுங்கள். குளம், வில்லு (மாரியில் நீர் நிற்கும் தாழ்நிலம்), ஆற்றோரம், வாவிக்கரை ஆகியவை அதே வட்டத்துக்குள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 30 மீற்றர் கட்டத்தில் 40 ஹெக்டேயர் வட்டத்தின் ஆரை சுமார் 12 கட்டம். மென்பொருளில் சாளர அளவு, அதாவது வட்டத்தின் முழு அகலம், நடுக் கட்டத்தையும் சேர்த்து 25 என்று கொடுக்க வேண்டும். வட்டம் என்ற தெரிவைப் போட மறந்தால் சதுரமாக எடுத்துவிடும்.

இன்னும் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. தரவு அகலாங்கு நெட்டாங்கில் இருக்கும்போதே சரிவு கணக்கிட்டால் கிடைத் தூரம் பாகையிலும் உயரம் மீற்றரிலும் நின்று, வயல் முழுதும் செங்குத்துப் பாறையாகிவிடும். முதலில் தூரத்தை மீற்றரில் அளக்கும் இலங்கைக் கட்டம் 1999 என்ற ஆள்கூற்று முறைக்கு (இபிஎஸ்ஜி இலக்கம் 5235) மாற்றுங்கள். மற்றது, வடக்குச் சரிவு குளிர், தெற்குச் சரிவு சூடு என்ற அமெரிக்கப் பிரிப்பு. நமக்கு ஏப்ரலிலும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும் சூரியன் உச்சிக்கு மேலேயே வருகிறது. வடக்கு தெற்கு வித்தியாசம் சொற்பம். மாலை வெயில் வாங்கும் மேற்குச் சரிவைத் தனியே பிரிப்பது பொருந்தும்.

கேள்வி: ஈரநிலத்தைக் குறிக்க எந்த மாதத்துச் செய்மதிப் படம் நல்லது?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ஒரு படம் போதாது. மாரியில் எடுத்தால் வயலும் குளமும் ஒன்றாக நீராகத் தெரியும், அதுவும் முகில் விலகினால்தான். ஆகஸ்டில் எடுத்தால் சிறு குளங்கள் வற்றிக் காணாமல் போகும். மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று சென்டினல்-2 படம் எடுங்கள். வெள்ளக்காலத்துக்கு முகிலை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படம். மூன்றிலும் நீர் காட்டும் இடம் நிரந்தர நீர். மாரியில் மட்டும் நீர் காட்டி, எந்தப் போகத்திலும் பயிர் ஏறாத இடம் வில்லு. அதைத்தான் பலர் தரிசு என்று எழுதி விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: வாவியோரக் கண்டல் எல்லாவற்றுக்கும் உயர்ந்த புள்ளி கொடுக்கலாமா?
– ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பதில்: கூடாது. கடல்மட்டம் ஏறும்போது கண்டல் பின்வாங்க இடம் வேண்டும். கண்டல் ஓரத்திலிருந்து நிலப்பக்கம் 500 மீற்றருக்கு ஒரு பட்டி வரைந்து, அதற்குள் மதில், வீதி, இறால் பண்ணை வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். பின்னால் வரம்பு இருக்கும் செழிப்பான கண்டலைவிட, பின்னால் திறந்த உவர்நிலம் இருக்கும் மெலிந்த கண்டலுக்கே நான் அதிகப் புள்ளி இடுவேன். அந்த உவர்நிலத்தை வெறுமை என்று நினைத்துக் கன்று நடவும் வேண்டாம். சுனாமிக்குப் பின் இலங்கையில் நட்ட கண்டலில் பெரும்பங்கு பிழைக்கவில்லை. பொருந்தாத நீர்மட்டத்தில் பொருந்தாத இனத்தை நட்டது முக்கிய காரணங்களில் ஒன்று.

கேள்வி: லகுகல பக்கம் காட்டுத் தொடர்ச்சியைக் கணக்கிட்டோம். பிரதான வீதிக்கு அதிகத் தடை கொடுத்தும், வீதியே இல்லாததுபோல விடை வருகிறது. ஏன்?
– வாசகர், பொத்துவில்

பதில்: வீதி ஏழெட்டு மீற்றர், உங்கள் கட்டம் முப்பது. வீதிக் கோட்டைக் கட்டமாக்கும்போது, சரிவாகப் போகும் வீதியின் கட்டங்கள் மூலையால் மட்டுமே ஒன்றையொன்று தொட்டு நிற்கும். கணக்கு அந்த இடைவெளியால் நழுவுகிறது. தொட்ட கட்டம் எல்லாவற்றையும் பதியும் தெரிவைப் போடுங்கள். தடை எண்ணைக் காடு 1, வயல் 5, பிரதான வீதி 20 என்று தொடங்கலாம். பிறகு வீதியின் தடையை இரட்டித்துப் பார்த்து, முதலிடத்தில் வரும் துண்டுகள் மாறுகின்றனவா என்று சோதியுங்கள். யானை மின்வேலி பெரும்பாலும் எந்தத் தரவிலும் இருக்காது. அதைக் கைபேசியில் தடம் பதித்துக்கொண்டு நடந்துதான் வரைய வேண்டும், வாயில்களையும் சேர்த்து.