சோறும் வெஞ்சனமும்

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளிக் கட்டுரையில் ‘அம்மா சோறாக்கி வெஞ்சனம் வைப்பதற்குள் பஸ் வந்துவிடும்’ என்று எழுதியிருந்தாள். ‘சோறாக்கி’ என்பதை அடித்து ‘உணவு சமைத்து’ என்று திருத்தியிருக்கிறார் ஆசிரியை. ‘வெஞ்சனம்’ மேல் சிவப்பு வட்டம். ஓரத்தில் ‘கொச்சைச் சொற்களைத் தவிர்’ என்று குறிப்பு வேறு. வீட்டில் பேசுவதை எழுதினால் தப்பா ஐயா?
– ஒரு வாசகி, வாடிப்பட்டி

பதில்: தப்பில்லை அம்மா. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிவப்பு வட்டத்தை என்னால் சும்மா விட முடியவில்லை.

வெஞ்சனம் வடமொழி வியஞ்சனம் தேய்ந்து வந்த சொல். தொட்டுக்கொள்வதற்கும் குழம்பு கறிக்கும் மதுரைப் பக்கத்து வீடுகளில் இன்னும் இதுதான் பெயர். வியஞ்சனம் என்றால் வெளிப்படுத்துவது. சோற்றின் ருசியை வெளியே கொண்டுவருவது. ஒரு சொல் நேராகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துகிற பொருள் இருக்கிறதே, அதற்கும் வடமொழி இலக்கியக்காரர்கள் இதே வேரிலிருந்துதான் பெயர் வைத்தார்கள்: வியஞ்சனை. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் அதைத் தொனி என்று விரித்துப் பேசினார். நம் தொல்காப்பியர் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? அகப்பாட்டில் மறைந்து நிற்கும் குறிப்புப் பொருளுக்குப் பொருளியலில் அவர் சொல்லும் பெயர் இறைச்சி. வடக்கே போனாலும் தெற்கே வந்தாலும் உட்பொருளின் பெயர் அடுப்படிப் பக்கம்தான் வருகிறது. உங்கள் மகள் எழுதிய சொல் அந்த வம்சத்துச் சொல்.

திருமங்கலம் பக்கம் நான் வளர்ந்த தெருவில் காலை பதினோரு மணிக்குக் குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும். “என்ன மதினி, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?” அம்மா சத்தமாக, “கத்தரிக்காப் புளிக்குழம்பு, அவரைக்கா” என்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சில நாள், “என்னத்த வெஞ்சனம், ரசத்த வச்சு ஒப்பேத்த வேண்டியதுதான்” என்பாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. அப்புறம், “சரி சரி, ரசம்னா வயித்துக்கு நல்லதுதான்.” நாங்கள் கஞ்சி வடித்து முடிக்கும்போது சுவர் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். மேலே தட்டு மூடியிருக்கும். உள்ளே சுண்டவத்தல் குழம்பு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். மறுநாள் அந்தக் கிண்ணத்தை அம்மா வெறுமனே திருப்பித் தரமாட்டாள். ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையாவது உள்ளே கிடக்கும். வீட்டில் காசில்லை என்பதை அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. வெஞ்சனம் என்ற ஒரு சொல்லே எல்லாவற்றையும் கேட்டது, சொன்னது. ‘தொடுகறி யாது?’ என்று கேட்டிருந்தால் அந்தக் கிண்ணம் வந்திருக்குமா?

இனி சோறு. இந்தச் சண்டையை நான் இந்தப் பக்கத்தில் பல தடவை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். வருடங்களுக்கு முன் எங்களிடம் மெய்ப்புத் திருத்திய ஒருவர், நல்ல தமிழறிவுள்ளவர், சோறு என்று எங்கே கண்டாலும் உணவு ஆக்கிவிடுவார். ஒரு கதையில் கூலிக்காரப் பெண், “புள்ளைகளுக்குச் சோத்துக்கு வழியில்ல சாமி” என்று அழுகிறாள். அச்சில் ‘பிள்ளைகளுக்கு உணவுக்கு வழியில்லை’ என்று வந்துவிட்டது. எழுதியவர் இதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். திட்டவில்லை. அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டினார். கலெக்டர் ஆபீசுக்குப் போட்ட மனுவை வாசிப்பதுபோல் இருந்தது. எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சோறு, சாதம், ரைஸ் மூன்றும் ஒரே பானையில் வெந்ததுதான். வீட்டில் சோறு தின்றுவிட்டு வந்தவரையே ஹோட்டலில் “ரைஸ் வைக்கவா சார்?” என்று கேட்கிறார்கள். வாசலில் ‘மீல்ஸ் ரெடி’ என்று போர்டு. சோறு என்றால் கஷ்டப்பட்டவன் தின்பது என்று ஒரு நினைப்பை அந்தச் சொல்லின் தலையில் ஏற்றிவைத்துவிட்டோம். புறநானூற்றின் 2ஆம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேர அரசனை ‘பெருஞ்சோற்று மிகுபதம் வரையாது கொடுத்தோய்’ என்று பாடுகிறார். அவன் பட்டப்பெயரே பெருஞ்சோற்று உதியன் சேரலாதன். ராஜாவின் பெயரில் இருக்கலாம், ஏழாம் வகுப்பு நோட்டில் இருக்கக் கூடாதா?

சொற்களின் உட்பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதில் ஆசிரியையோடு எனக்குச் சண்டை இல்லை. கட்டாயம் சொல்லித்தர வேண்டும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வெளியூர்ப் பிள்ளைக்குத் தாவணி என்றதும் பாவாடை தாவணி ஞாபகம் வரும். இங்கே அது மாட்டுச்சந்தை. கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது என்பதும், புதிதாகக் கல்யாணம் ஆன பெண்ணிடம் ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்டால் அவள் முகம் ஏன் சுருங்குகிறது என்பதும் அகராதியைப் புரட்டினால் புரியாது. அதையெல்லாம் வகுப்பில் பேசலாம். அதற்குப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த சொல் நோட்டில் இருக்க வேண்டும், அடிபடாமல்.

மகளிடம் கேட்டு அந்தக் கட்டுரையை முழுதாக எனக்கு அனுப்பிவையுங்கள். சோறும் வெஞ்சனமும் அவள் வைத்த இடத்திலேயே இருக்க, அடுத்த இதழில் போடுகிறேன்.