லோயர் ஆர்ம் காலரில் விரிசல் வருகிறது, ஆனால் மெட்டீரியல் சர்டிஃபிகேட் சரியாக இருக்கிறது. தப்பு எங்கே?

கேள்வியில் நீங்கள் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: காரின் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை), 3 மி.மீ. ஹாட் ரோல்டு தகடு, 590 கிரேடு (இழுவலிமை 590 எம்பிஏ). பின்பக்க ரப்பர் புஷ் உட்காரும் காலரின், அதாவது ஓட்டையைச் சுற்றித் தகட்டிலேயே எழுப்பிய குட்டைக் குழாயின், வாயில் மயிரிழை விரிசல். சர்டிஃபிகேட்டில் இழுவலிமையும் நீட்சியும் வரம்புக்குள் இருக்கின்றன. தகடு கொடுத்தவர் கையை விரித்துவிட்டார். ஓட்டையைப் பியர்ஸ் பண்ணி (குத்தி), அடுத்த ஸ்டேஷனில் அதை விரிக்கும் பர்ரிங் பஞ்ச் இறக்கி காலர் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு தகடு சேர்த்து வெல்டு பண்ணும் ஆர்ம் என்றால் சில எண்கள் மாறும், காரணங்கள் மாறாது.

முதலில் சர்டிஃபிகேட். மில்லில் இழுத்துப் பார்க்கும் துண்டின் இரண்டு ஓரத்தையும் மில்லிங் பண்ணி வழவழப்பாக்கிவிட்டுத்தான் இழுப்பார்கள். உங்கள் காலரின் வாய் பஞ்சால் கிழிக்கப்பட்ட ஓரம். கிழிபட்ட இடத்தில் இரும்பு ஏற்கெனவே இறுகி, தன் நீட்சியில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது. மீதி இருப்பதை வைத்துத்தான் காலர் விரிகிறது. அதனால் 22 சதவீத நீட்சி என்று தாளில் இருப்பதைக் காட்டி வாதாடிப் பயனில்லை. நீங்கள் கேட்க வேண்டிய எண் ஓட்டை விரிவு விகிதம். ஐஎஸ்ஓ 16630 முறையில், 10 மி.மீ. ஓட்டையை 12 சதவீத கிளியரன்ஸில் (பஞ்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்கு விடும் இடைவெளி, தகட்டுக் கனத்தின் சதவீதமாக) குத்தி, பிசிறு வெளியே பார்க்கும்படி வைத்து, 60 டிகிரி கூம்பு பஞ்சால் விரிசல் தகட்டின் கனம் முழுக்க ஓடும்வரை விரிப்பார்கள். ஆர்டரில் கேட்டால் ஒழிய இந்த எண் சர்டிஃபிகேட்டில் வராது.

உங்கள் காலருக்கு எவ்வளவு விரிவு தேவை என்பது சின்னக் கணக்கு. உள்விட்டம் 40, குத்தும் ஓட்டை 28 என்றால் 12-ஐ 28-ஆல் வகுக்க 43 சதவீதம். ஓட்டையை 30 ஆக்கினால் 33 சதவீதம். இரண்டே மி.மீ.யில் பத்து சதவீதம் இறங்குகிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. காலரின் நடு விட்டத்திலிருந்து ஓட்டையைக் கழித்து இரண்டால் வகுத்து, அதோடு மூலை ஆரத்தின் 0.43 பங்கையும் தகட்டுக் கனத்தின் 0.72 பங்கையும் கூட்டினால் காலரின் உயரம் வரும். நடு விட்டம் 43, ஆரம் 3 என்று வைத்தால், 28 ஓட்டைக்குக் கிட்டத்தட்ட 11 மி.மீ., 30-க்கு 10. அந்த ஒரு மி.மீ. போனால் புஷ் பிடிமானமும் குறையும், தள்ளுவிசை டெஸ்டில் அடிபடும். டிராயிங்கில் காலர் உயரம் இருந்தால் கஸ்டமரிடம் எழுதி வாங்காமல் ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள். ராத்திரி ஷிப்டில் சத்தமில்லாமல் பஞ்சை மாற்றி ஓட்டுவது எங்கும் நடப்பதுதான், நடப்பதால் சரியாகிவிடாது.

இப்போது பீஸைக் கையில் எடுங்கள். விரிசல் எந்த இடத்தில் வருகிறது என்பதே பாதி பதில். இருபது பீஸை வரிசையாக வைத்து, காலரைக் கடிகார முகமாகப் பாவித்து, விரிசல் இருக்கும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே இரண்டே இடத்தில், அதுவும் மில்லில் தகட்டை உருட்டிய திசையின் கோட்டிலேயே வந்தால், தகட்டைச் சந்தேகப்படலாம். உருட்டும்போது நீண்டுபோன மாங்கனீஸ் சல்ஃபைடு இழைகள் அந்தத் திசையில்தான் கிழியும். காலர் எடுக்கும் தகட்டில் கந்தகம் 0.005 சதவீதத்துக்குக் கீழே, கால்சியம் ட்ரீட்மென்ட்டோடு இருப்பது நல்லது. எப்போதும் ஒரே பக்கத்தில், ஒரே மணியில் வந்தால் பஞ்ச் மையம் விலகியிருக்கிறது. சுற்றிலும் தாறுமாறாக வந்தால் பஞ்ச் மழுங்கியிருக்கும், அல்லது கிளியரன்ஸே தப்பாக இருக்கும்.

பர்ரிங்குக்கு முந்தைய ஸ்டேஷனிலிருந்து ஒரு பீஸை எடுத்து, பத்து மடங்கு லென்ஸில் ஓட்டையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே உருண்ட விளிம்பு, அடுத்து பளபளப்பான பட்டை, அதன் கீழே சொரசொரப்பு, கடைசியில் பிசிறு. பளபளப்புப் பட்டை சுற்றிலும் ஒரே அகலத்தில், கனத்தில் மூன்றில் ஒரு பங்கு சுமாருக்கு இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒல்லியாகவும் இருந்தால் மையம் விலகல். சொரசொரப்புக்கு நடுவே இன்னொரு பளபளப்புக் கோடு தெரிந்தால் கிளியரன்ஸ் பற்றவில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் கிளம்பிய பிளவுகள் சந்திக்காமல், நடுவில் இரண்டாம் முறை வெட்டுப்பட்டிருக்கிறது. இந்த ஓரத்தை விரித்தால் அந்தக் கோட்டிலிருந்தே கிழியும்.

சாதா தகட்டுக்குப் பழகிய டூல் ரூம்காரர் கை தன்னால் பக்கத்துக்கு ஆறேழு சதவீதம்தான் வைக்கும். 30 பஞ்சுக்கு 30.4 டை பட்டன் (பஞ்ச் இறங்கும் கீழ் வளையம்). 590 கிரேடில் 12 முதல் 15 சதவீதம் வையுங்கள், அதாவது பக்கத்துக்கு 0.36 முதல் 0.45 மி.மீ., பட்டன் 30.8 சுமார். பிசிறு 0.1 மி.மீ. தாண்டினால் பஞ்சைக் கழற்றித் தீட்டுங்கள். கனத்தில் பத்து சதவீதம் வரை பிசிறு விடலாம் என்ற பொது விதியைக் காட்டி யாராவது வாதாடலாம். அது சாதாரண ஓட்டைக்கு, பின்னால் விரிக்கப்போகும் ஓட்டைக்கு அல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பிசிறு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. காலர் எடுக்கும்போது வாயின் வெளிப்பக்க விளிம்புதான் அதிகம் இழுபடும். பர்ரிங் பஞ்ச் தொடும் உள்பக்கம் அவ்வளவு இழுபடாது. ஆகவே பிசிறு பர்ரிங் பஞ்சைப் பார்த்து இருக்க வேண்டும். மேலிருந்து பியர்ஸ் பண்ணினால் பிசிறு கீழே வரும். அதே திசையில் மேலிருந்தே காலரையும் கீழே தள்ளினால் பிசிறு சரியாக வெளிப்பக்கம் போய் உட்காரும், அங்கிருந்தே விரிசல் கிளம்பும். இந்த ஒரு தப்பு தெரிந்தே நிறைய டைகளில் இருக்கிறது. ஏனென்றால் திருப்பிக் கீழிருந்து பியர்ஸ் பண்ணினால் ஓட்டைச் சில்லு மேல் டைக்குள் போகும், அதை வெளியேற்ற வழி செய்ய வேண்டும். டை செய்பவருக்கு அது தலைவலி. அதற்குப் பதில் பர்ரிங்கைக் கீழிருந்து மேலே தள்ளலாம், காலர் நிற்கும் திசை அனுமதித்தால்.

டையை மாற்றவே முடியாது என்றால் அடுத்த வழி ஷேவிங். முதலில் 29.2-க்குக் குத்தி, அடுத்த ஸ்டேஷனில் 30-க்குச் சுற்றிலும் 0.4 மி.மீ. சீவி எடுத்துவிட்டால் இறுகிய ஓரத்தின் பெரும்பகுதி போய்விடும். ஒரு ஸ்டேஷன் காலியாக இருந்தால் இதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் பிசிறுள்ள ஓரத்தைக் காயினிங்கில் அமுக்கி மழுக்கலாம், அது அரைகுறை வைத்தியம். டை இன்னும் டிசைனில் இருக்கிறது என்றால், முதலில் லேசாகக் குமிழ் எடுத்து, குமிழின் தலையில் குத்தி, பிறகு விரியுங்கள். சுற்றியுள்ள தகடும் கொஞ்சம் உள்ளே வருவதால் வாய் விரியும் அளவு குறையும்.

பர்ரிங் பஞ்சின் மூக்கு தட்டையாக இருக்கக் கூடாது. நீண்ட கூம்போ, தோட்டா வடிவமோ வேண்டும். காலர் வாயில் கனம் 3-லிருந்து சுமார் 2.6-க்கு மெலியும். பர்ரிங் கிளியரன்ஸை முழு 3 மி.மீ. விட்டால் வாய் மணி மாதிரி விரிந்துகொள்ளும், புஷ் அடியில் மட்டும் பிடிக்கும். 2.7 அளவில் வைத்து லேசாக அயர்னிங் (சுவரை இடுக்கில் அழுத்தி இழுப்பது) கொடுங்கள், உள்விட்டம் நேராகும். ஆயில் தாராளமாகப் போகட்டும்.

இதற்குப் பிறகும் விரிசல் வந்தால்தான் மெட்டீரியல் மாற்றம். அதே 590 வலிமையில் ஃபெரைட்-பைனைட் வகைத் தகடு ஓட்டை விரிவுக்கென்றே வந்தது. டூயல் ஃபேஸ் 590 இழுத்து உருவம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் மென்மையான ஃபெரைட்டுக்குள் கடினமான மார்ட்டன்சைட் தீவுகள் இருப்பதால் வெட்டிய ஓரம் சீக்கிரம் கிழியும். "590-ன்னா 590தானே" என்று பர்ச்சேஸ்காரர் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து இதை மாற்றி வாங்கியிருக்கிறாரா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

தகட்டு ஆர்மே வேண்டாம், ஃபோர்ஜிங் போடு என்று சொல்பவர்கள் உண்டு. காலர் ஒழுங்காக எடுத்த தகட்டு ஆர்ம் காரின் ஆயுளுக்கு உழைக்கும், பள்ளத்தில் பலமாக அடிபட்டால் உடையாமல் மடங்கும். அதை மட்டமாகப் பேச வேண்டியதில்லை.

கேட்காத ஒன்று. இந்த மாதிரி விரிசலுக்குக் கஸ்டமருக்கு எழுதும் 8டி ரிப்போர்ட்டில் (குறையின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியில் சொல்லும் அறிக்கை) மூலகாரணம் என்ற இடத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பிசிறு எந்தப் பக்கம் என்பதை டை செய்யும்போதே முடிவு பண்ணியாயிற்று. இரண்டு கை பட்டனை அமுக்கும் காண்ட்ராக்ட் பையன் அதில் என்ன கவனத்தைக் குறைத்தான்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனை மாற்றிவிட்டு அவனுக்கே பயிற்சி கொடுத்ததாகவும் எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது ஸ்டாக்கில் இருப்பதைப் பற்றி. சிஇடி பெயின்ட் (மின்சாரம் பாய்ச்சி முக்கி எடுக்கும் பூச்சு) 20 மைக்ரான் சுமாருக்கு ஏறியதும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. புஷ்ஷை அழுத்தும்போது காலர் சுற்றளவில் இழுபட்டு அது இன்னும் திறக்கும். ஆகவே பெயின்ட்டுக்கு முன் நிற்கும் லாட்டை காந்தத் துகளால் விரிசலைக் காட்டும் மேக்னடிக் பார்ட்டிக்கிளிலோ, விரிசலுக்குள் சாயம் ஊறிக் காட்டும் பெனிட்ரன்டிலோ நூறு சதவீதம் பாருங்கள். பெயின்ட் ஆனதைத் தனியாகப் பூட்டி வைத்து, மாதிரிகளின் பெயின்ட்டை உரித்துப் பார்த்து முடிவெடுங்கள். விரிசல் உள்ள காலரில் மிக் வெல்டு பாயவிட்டு கிரைண்டர் போடாதீர்கள், அந்தச் சூட்டில் காலரின் வட்டமும் போகும், தகட்டின் வலுவும் போகும். அவை ஸ்க்ராப், கஸ்டமருக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றைக்கே லாட் நம்பரோடு தகவல் சொல்லுங்கள்.