பெர்லினுக்குக் கூடப் போனவள் – கடிதம்

அன்புள்ள அம்மா,

பாபநாசம் பக்கத்துக் கிராமத்துக்காரன் நான். ஓய்வுபெற்ற ஆசிரியர். என் மகள் போலந்தில், போஸ்னான் நகரில் படிக்கிறாள். வங்கிக் கடன் போதாமல் ஆறு மா நிலத்தை ஒத்தி வைத்து அனுப்பினேன். போன வாரம் குறுவை அறுப்பில் நிற்கும்போது போன் செய்தாள். அவளோடு அறையில் இருக்கும் பெண், நம் திருவாரூர்ப் பக்கம்தான், கல்யாணம் ஆகாதவள், கர்ப்பமாகிவிட்டாளாம். அங்கே கலைக்க முடியாது என்று இருவரும் ரயிலேறி பெர்லின் போய் முடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். "நீ ஏன் கூடப் போனாய்? விசா போனால் யார் பதில் சொல்வது?" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் கார்டு, அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, வேறு ஆறு வாரத்தில் முடிகிறதாம். என் மகள் மேல் வழக்கு வருமா? அந்தப் பெண் ஊருக்கு வந்து இங்கேயே செய்துகொண்டிருக்கக் கூடாதா? என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள ஐயா,

விசாவை முதலில் பேசி முடித்துவிடலாம், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. நடப்பில் உள்ள போலந்துக் கார்டோ நீண்டகால விசாவோ கையில் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள், 180 நாளில் 90 நாள்வரை வேறு விசா இல்லாமல் போய்வரலாம். போஸ்னானிலிருந்து பெர்லினுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். நீங்கள் பாபநாசத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குகிற மாதிரி. 2023 அக்டோபரிலிருந்து ஜெர்மனி அந்த எல்லையில் மறுபடி சோதனை போடுகிறது. போலீஸ் ரயிலில் ஏறிக் காகிதம் கேட்டிருக்கலாம். இருவர் கார்டும் அன்றைக்கு நடப்பில் இருந்தது. அவ்வளவுதான்.

வழக்கு? போலந்தில் 1993ஆம் ஆண்டுச் சட்டமே கடுமையானது. சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் கலைக்கலாம் என்ற ஒரு வாசலையும் 2020 அக்டோபரில் அவர்களுடைய அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அடைத்துவிட்டது. தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, அல்லது குற்றத்தால் உண்டான கர்ப்பம், இரண்டே காரணங்கள் மிச்சம். ஆனால் கலைத்துக்கொள்கிற பெண்ணுக்கு அங்கே தண்டனை கிடையாது. உதவுகிறவருக்குத்தான் மூன்று ஆண்டுவரை சிறை. மாத்திரை அனுப்பிய யுஸ்தினா விட்ஜின்ஸ்கா என்ற செயல்பாட்டாளருக்கு 2023 மார்ச்சில் தண்டனை விதித்தார்கள். பிறகு மேல்முறையீட்டில் அது ரத்தாகி மறுவிசாரணைக்குப் போனது. உங்கள் மகள் மாத்திரை வாங்கிக் கொடுக்கவில்லை. சட்டம் தண்டிக்காத ஊருக்குத் தோழியோடு போனாள். போலந்துப் பெண்களே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் எல்லை தாண்டுகிறார்கள், அக்காவையோ சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு. இதில் பயப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஆறு வாரம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கார்டு முடிந்து புதுக் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாணவர் போலந்தில் சட்டப்படி இருக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பச் சான்றைக் காட்டி ஜெர்மனிக்குப் போக முடியாது. இந்தியாவுக்கு வரலாம், வந்தால் புது விசா எடுக்காமல் திரும்ப முடியாது. கார்டு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஜெர்மனியிலோ கருத்தரித்ததிலிருந்து 12 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கும் முன்பு அங்கீகாரம் பெற்ற ஆலோசனை மையத்தில் சான்றிதழ் வாங்கி, நடுவில் மூன்று நாள் விட வேண்டும். ஆக, இதே சங்கதி இரண்டு மாதம் தள்ளி நடந்திருந்தால் அந்தப் பெண் அறையிலேயே உட்கார்ந்து வாரத்தை எண்ணியிருப்பாள். நாள் இருக்கும்போதே கிளம்பியிருக்கிறார்கள். கெட்டிக்காரிகள்.

சரி, ஊருக்கு வந்திருக்கலாமே என்கிறீர்கள். சட்டப்படி வந்திருக்கலாம், தாராளமாக. நம் நாட்டில் 1971இலிருந்தே சட்டம் இருக்கிறது. இப்போது 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது முடிந்தவளுக்கு அப்பா கையெழுத்தும் வேண்டாம், புருஷன் கையெழுத்தும் வேண்டாம். கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்று பிரிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் ஐயா, நம் ஊரை உங்களுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் என் சித்தி மகளை மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். மன்னார்குடியில் டாக்டர் இல்லாமலா? இருந்தார்கள். நர்ஸ் எங்கள் மாமி வீட்டுக்கு உறவு, வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் சித்தப்பாவின் பழைய மாணவர். அதனால் வடுவூர் ஏரியைத் தாண்டிப் போனோம். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அம்மா ஒரு பூக்கடையில் மஞ்சள் கயிறு வாங்கினார். கழிப்பறைக்குள் கூட்டிப்போய் அவள் கழுத்தில் தானே கட்டினார். மஞ்சள் ஈரம், ரவிக்கைக் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண் கயிற்றைப் பார்த்துவிட்டு "வீட்டுக்காரர் பேரு?" என்றாள். அம்மா வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னார். கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பம் என்றால் அன்றைய சட்டத்தில் "மணமான பெண்" என்றுதான் எழுதியிருந்தது. 2021 திருத்தத்தில்தான் "எந்தப் பெண்ணும்" என்று மாறியது. அம்மா சட்டம் படித்தவர் இல்லை. ஊரைப் படித்து வைத்திருந்தார். திரும்பும்போது வடவாற்றுப் பாலத்தில் ஜன்னல் வழியாகக் கயிறு போனது.

சட்டம் மாறிவிட்டது. அந்த "வீட்டுக்காரர் பேரு?" மாறியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். திருவாரூர்ப் பெண், பாதிப் படிப்பில் திடீரென்று திருச்சியில் வந்து இறங்கினால் வீட்டில் என்ன காரணம் சொல்வாள்? பெர்லினில் அவளிடம் காகிதம் மட்டும்தான் கேட்டார்கள்.

இதில் சித்தப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. காலமாகும்வரை தெரியாது. சொன்னால் கொன்றுவிடுவார் என்று பெண்கள் நாங்கள் முடிவு செய்துவிட்டோம். உண்மையில் கொன்றிருப்பாரா, அழுதிருப்பாரா, கேட்டுப் பார்க்கவே இல்லை. உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்களாகக் கண்டுபிடிக்கவில்லை, யாரும் போட்டுக்கொடுக்கவும் இல்லை. களத்து மேட்டில் நிற்கிற அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். வங்கிக்கும் ஒத்திக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டிய மனிதர் நீங்கள், கத்தியது எனக்குப் புரிகிறது. போனை வைத்ததுதான் புரியவில்லை.

இன்று ராத்திரி நீங்களே கூப்பிடுங்கள். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். மணிக்கு இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், போலந்து மருத்துவமனைக்கே போகலாம். கார்டு முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறுவரை அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். நீங்கள் எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்தால் அங்கே மாலை ஐந்து. வகுப்பு விட்டு வந்திருப்பாள்.