முகமூடியும் திங்கட்கிழமையும்

அன்புள்ள ஐயா,

வெள்ளிக்கிழமை இரவு இதை எழுதுகிறேன். இந்த வாரம் அலுவலகத்தில் நீண்ட விடுப்பு கேட்டேன். மேலாளர் உடனே கொடுத்துவிட்டார். “நீங்க இல்லாட்டியும் பாத்துக்கலாம், போயிட்டு வாங்க” என்றார். சந்தோஷப்பட வேண்டிய பேச்சுதான், ஆனால் மனசு என்னவோ போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, சின்ன வயதில் விழுந்து விழுந்து பார்த்த, முகமூடி போட்ட குதிரைவீரன் வரும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான லோன் ரேஞ்சரைத் தேடிப் போட்டேன். பாறையெல்லாம் அட்டை மாதிரி தெரிந்தது. அப்புறம் அதில் நாயகனாக நடித்தவரைப் பற்றிப் படித்தேன். தொடர் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்தும் அதே முகமூடியோடு கடைத் திறப்பு விழாக்களுக்குப் போயிருக்கிறார். அந்த முகமூடிக்காகக் கோர்ட் வரை போயிருக்கிறார். இவரா என் நாயகன் என்று இருந்தது. என் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு இதைக் காட்டலாம் என்றிருந்தேன், இப்போது தயக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் மேலாளர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வாரம் முழுக்க உழைத்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டால் எந்தப் பேச்சும் கொஞ்சம் கோணலாகத்தான் காதில் விழும். அதை விடுங்கள். நீங்கள் அன்று இரவு போய் நின்ற இடத்திலேயே உங்கள் மேலாளரின் பேச்சுக்கு ஒரு பதில் இருக்கிறது.

லோன் ரேஞ்சர் 1949-ல் தொடங்கியது. நீங்கள் சொல்லும் நடிகர் கிளேட்டன் மூர் இரண்டு சீசன் நடித்த பிறகு அவர் இடத்துக்கு ஜான் ஹார்ட் என்ற நடிகரைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் பாதி முகமூடிக்குள் இருக்கிறது, யார் போட்டால் என்ன என்று நினைத்திருப்பார்கள் போல. தயாரிப்பாளர் பார்வையில் நியாயமான கணக்குதான். ஆனால் ஒரு சீசனோடு சரி. மறுபடி மூரையே கூப்பிட்டார்கள், 1957-ல் தொடர் முடியும்வரை அவர்தான். முகத்தை மறைத்தபின் மிச்சமிருப்பது குரலும், குதிரைமேல் உட்காரும் விதமும், ஒருவரிடம் பேசும்முன் விடுகிற சின்ன இடைவெளியும்தான். குழந்தைகள் இதையெல்லாம் பெயர் சொல்லிப் பாராட்ட மாட்டார்கள். மாறினால் மட்டும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது கோர்ட் விஷயம். 1979-ல் புதுப் படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தபோது, பாத்திரத்தின் உரிமையை வைத்திருந்தவர்கள் மூர் பொது இடங்களில் அந்த முகமூடியோடு தோன்றக் கூடாது என்று தடை வாங்கினார்கள். அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணைச் சுற்றி வளைந்து மூடும் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வழக்கம்போல மேடைக்குப் போனார். தூரத்திலிருந்து பார்த்தால் முகமூடி மாதிரியே இருக்கும்! 1981-ல் வந்த புதுப் படம் படுத்துவிட்டது. சில வருஷத்தில் தடையும் விலகியது. நீங்கள் இதைப் பரிதாபமாகப் பார்க்கிறீர்கள், எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். அந்தக் கண்ணாடியில் கொஞ்சம் பிடிவாதம், கொஞ்சம் குறும்பு, கொஞ்சம் பிழைப்பு எல்லாம் கலந்திருக்கிறது. பிழைப்பு என்பதால் அது குறைந்துவிடுமா என்ன? சின்ன வயதில் நீங்கள் பார்த்ததும் ஒருவர் காலையில் எழுந்து வேலைக்குப் போய்ச் செய்த வேலையைத்தான்.

ஆனால் ஒன்று, அந்த நாயகர்களின் வேலைக்கும் நம் வேலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நேரம். அவர்களுக்கு அரை மணியில், அதுவும் விளம்பரம் போக, பிரச்சினை முடிந்துவிடும். நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் லோன் ரேஞ்சர் குதிரையேறிப் போய்விடுவார், யார் அந்த முகமூடிக்காரர் என்று பின்னால் யாராவது கேட்பார்கள். உங்களுக்கும் எனக்கும் வெள்ளிக்கிழமை முடிகிற வேலை ஒன்றுகூட இல்லை. நம்மை யார் என்று கேட்கவும் ஆளில்லை, அடையாள அட்டை கழுத்திலேயே தொங்குகிறது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். 1966-ல் வந்த ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக நடித்த நிக்கெல் நிக்கோல்ஸ். அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் விண்கலத்தில் அதிகாரியாக உட்கார்ந்திருந்ததே பெரிய விஷயம். ஆனால் அவருக்கு அது அப்படித் தெரியவில்லை. எழுதிய வசனங்கள் வெட்டப்பட்டுக்கொண்டே வந்தன. கடைசியில் மிஞ்சியது பெரும்பாலும் தொடர்பு அலைவரிசைகள் திறந்திருக்கின்றன என்று கேப்டனிடம் சொல்லும் ஒரே வரி. அந்த வரியை யாரும் சொல்லலாமே என்று அவருக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. மேடை இசை நாடகங்களுக்குத் திரும்பலாம் என்று முடிவுசெய்து, ஒரு வெள்ளிக்கிழமை விலகல் கடிதத்தைத் தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரியிடம் கொடுத்தார். சனி, ஞாயிறு யோசித்துவிட்டு வாருங்கள் என்றார் அவர்.

அந்த வார இறுதியில் ஒரு நிகழ்ச்சியில், உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்று சொல்லி நிக்கோல்ஸை அழைத்தார்கள். வந்து நின்றவர் மார்ட்டின் லூதர் கிங். தன் பிள்ளைகளைக் கண்விழித்துப் பார்க்க விடும் ஒரே தொடர் இதுதான் என்றும், அவர் விலகவே கூடாது என்றும் கிங் சொன்னதாக நிக்கோல்ஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார். 1977-லிருந்து நாசாவுக்காகப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனார். சிறுமியாக உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-ல் எண்டெவர் விண்கலத்தில் பறந்து, விண்வெளிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஆனார். விண்வெளியில் தன் பணி நேரத்தை அந்த வரியைச் சொல்லித்தான் தொடங்குவாராம். வெட்டியது போக மிஞ்சிய அதே வரி.

இதனால் நீங்களும் வேலையைப் பிடித்துக்கொண்டு இருங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு சனிக்கிழமை இரவு கிங் வரமாட்டார். விடுப்பு கிடைத்திருக்கிறது, நிம்மதியாகப் போய்வாருங்கள். நீங்கள் இல்லாமல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூர் இல்லாமல்கூட ஒரு சீசன் ஓடியதே!

மகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு தடவை கேலி செய்வாள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அட்டைப் பாறை என்று மட்டும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவளுக்குப் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள், அவள் நாயகர் யார் என்று கேட்டு அவள் போடுகிற தொடரைச் சேர்ந்து பாருங்கள். ஜான் ஹார்ட் வருகிற எபிசோடு ஒன்றையும் இடையில் போட்டுப் பாருங்கள். அவள் கண்டுபிடிக்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள்.