வாசகர் கேள்வி – பதில்: குருவானவர் இல்லாத திருமணம்

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் பெறாமகன், தன் ஆண் துணைவரைக் குவேக்கர் கூட்ட மண்டபமொன்றில் மணமுடிக்கப் போவதாக அழைப்பு அனுப்பியிருக்கிறான். நாங்கள் பரம்பரை மெதடிஸ்தர். கிறிஸ்தவப் பிரிவொன்று இதற்கு எவ்வாறு சம்மதிக்கிறது? எந்தப் போதகர் இவர்களுக்கு மணமுடித்து வைப்பார்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: போதகர் எவரும் மணமுடித்து வைக்கப் போவதில்லை. தங்கள் முதற் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸின் போதனையால் உருவான ‘நண்பர்கள் சமயச் சங்கம்’ என்ற அமைப்பினரே குவேக்கர்கள். (ஓட்ஸ் பெட்டியில் தொப்பியணிந்து சிரிக்கும் முதியவருக்கும் இச்சங்கத்துக்கும் தொடர்பில்லை, அது வணிகப் பெயர் மட்டுமே.) இறைவனின் ஒளி ஒவ்வொருவருள்ளும் உண்டு, அதை அடைய இடையில் ஒரு குருவானவர் தேவையில்லை என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. திருமணம் கர்த்தருடைய செயல், நாங்கள் எவருக்கும் மணமுடித்து வைப்பதில்லை, வெறும் சாட்சிகளாகவே இருக்கிறோம் என்று பொக்ஸ் 1669இலேயே எழுதிவைத்தார். 1753இல் இங்கிலாந்தின் திருமணங்களை ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்குள் கொண்டுவந்த சட்டங்கூட, யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் விலக்களித்தது.

தாங்கள் அங்கு சென்றால் பீடத்தையோ பாடகர் குழுவையோ காணமாட்டீர்கள். எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். மணமக்கள் தமக்குச் சரியெனப்பட்ட வேளையில் எழுந்து, இறைவனின் துணையோடு ஆயுள் முழுவதும் அன்பும் உண்மையும் உள்ள துணையாயிருப்பேன் என்று ஒருவருக்கொருவர் வாக்களிப்பார்கள். பின்னர் மீண்டும் மௌனம் தொடரும். உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர் எவரும், தாங்கள் உட்பட, எழுந்து சில வார்த்தைகள் பேசலாம். மூத்தவர்கள் இருவர் கைகுலுக்கியதும் வழிபாடு நிறைவுறும். அதன்பின், வந்திருக்கும் அத்தனை பேரும், பேனை பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளும் கூட, பெரிய சான்றிதழொன்றில் சாட்சிகளாகக் கையொப்பமிடுவார்கள். அழைப்பை ஏற்பதற்கு முன் தாங்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டியது இந்தக் கையொப்பத்தைப் பற்றித்தான் என்பேன். ஏனெனில் அங்கு விருந்தாளியும் சாட்சியே.

பிரித்தானியக் குவேக்கர்கள் காலத்தின் போக்குக்கு வளைந்துகொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டை இங்கே அடிக்கடி கேட்கிறோம். அது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஆண்களுக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1963ஆம் ஆண்டிலேயே, குவேக்கர்கள் சிலர் சேர்ந்து, இவ்வியல்பு இடதுகைப் பழக்கத்தைக் காட்டிலும் வருந்தத்தக்கதல்ல என்ற கருத்துடன் சிறுநூலொன்றை வெளியிட்டனர். அது சங்கத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடு அல்ல, உள்ளேயே பலர் அதை எதிர்த்தனர். சட்டம் மாறியது 1967இல். ஒருபாலினத் திருமணங்களையும் ஏனைய திருமணங்களைப் போலவே நடத்துவதென 2009இல் யோர்க் நகரில் கூடிய வருடாந்தக் கூட்டம் தீர்மானித்தபோது, அரசு அதற்கு இன்னும் இடமளித்திருக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் 2013இல் நிறைவேறி, முதல் திருமணங்கள் 2014 மார்ச்சில் நடைபெற்றன. போக்குக்கு வளைகிறவர்கள் சட்டத்துக்கு முந்துவதில்லை.

தங்கள் சபை குறித்தும் ஒரு வார்த்தை: பிரித்தானிய மெதடிஸ்த சபை 2021இல் இத்திருமணங்களுக்கு அனுமதியளித்தது, ஆனால் 1964 முதல் தனித்தியங்கும் இலங்கை மெதடிஸ்த சபையை அத்தீர்மானம் கட்டுப்படுத்தாது.

கேள்வி: இத்தகைய தீர்மானத்தைப் பெரும்பான்மை வாக்கால் எடுத்தார்களா? உலகக் குவேக்கர்கள் அனைவரும் இதை ஏற்கிறார்களா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: குவேக்கர்கள் வாக்கெடுப்பு நடத்துவதே இல்லை. ஒருவர் பேசியபின் சற்று மௌனம் காத்து, அதன்பின்னரே அடுத்தவர் பேசுவார். கூட்டம் எத்திசையில் கனிந்திருக்கிறது என்பதை, அதை நடத்தும் பொறுப்பிலுள்ள எழுத்தர் உணர்ந்து, குறிப்பொன்றை அங்கேயே எழுதி வாசிப்பார். அது ஏற்கப்பட்டால் தீர்மானம், இல்லையேல் காத்திருப்பு. 1963இலிருந்து 2009 வரை சென்ற நெடுங்காலத்துக்கு இம்முறையும் ஒரு காரணம். ஐம்பத்தொரு பேர் நாற்பத்தொன்பது பேரைத் தோற்கடிக்கும் முறையை விட இது மேலானது என்று கருதுகிறேன், பொறுமையைச் சோதித்தாலும்.

ஆனால் ‘குவேக்கர்கள் ஏற்றுக்கொண்டார்கள்’ என்று பொதுப்படச் சொல்வது பிழை. உலகில் குவேக்கர்கள் மிக அதிகமாக வாழும் நாடு பிரித்தானியா அல்ல, கென்யா. 1902இல் அமெரிக்க மிஷனரிமார் கைமோசியில் தொடங்கிய பணியின் வழிவந்த அச்சபைகளில் போதகர்களும் பாடல்களும் பிரசங்கமும் உண்டு. வேதாகமத்தின் அதிகாரத்தை முன்னிறுத்தும் அவர்கள் பெரும்பாலும் இத்திருமணங்களை ஏற்பதில்லை. அமெரிக்காவிலோ இக்கேள்வி சபைகளையே பிளந்திருக்கிறது: ‘வடமேற்கு வருடாந்தக் கூட்டம்’ என்ற பிராந்தியச் சபையமைப்பிலிருந்து பிரிந்தவர்கள் சியரா-காஸ்கேட்ஸ் என்ற பெயரில் தனி அமைப்பை உருவாக்கினர். இணக்கத்தைத் தேடும் முறை எங்கும் இணக்கத்தைத் தந்துவிடுவதில்லை.

கேள்வி: அங்கு நடக்கும் திருமணம் இலங்கையில் செல்லுபடியாகுமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: ஆகாது. எமது விவாகச் சட்டங்கள் எதுவும் ஒருபாலினத் திருமணத்தை அங்கீகரிப்பதில்லை. அதற்கு முன்பாக, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபாலுறவையே குற்றமாகக் கொள்கின்றன; 1995இல் வந்த திருத்தம் அதைப் பெண்களுக்கும் விரித்தது. இதனை நீக்குவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. எனினும், 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அச்சட்டமூலம் நிறைவேறாமலேயே காலாவதியாயிற்று.