தருமபுரி வெயிலில் மூன்று மாதக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

தகரக் கூரை வீடு, மூன்று மாதக் குழந்தை, தண்ணீர் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பாலே போதும். வெயில் நாளில் அடிக்கடி கொடுங்கள், அம்மா நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்.

எடையோடு ஒப்பிட்டால் பச்சைக் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் வெளிச்சூடு சீக்கிரம் ஏறும்; வியர்த்துத் தணிக்கும் திறனும் முழுதாக வந்திருக்காது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் உடம்புச் சூடு சட்டென இறங்குவதும் இதே தோல் பரப்பால்தான். (அங்கே அம்மாவின் மார்போடு அணைத்துக்கொள்வதைவிட நல்ல போர்வை இல்லை.)

மதியத்தில் தகரத்துக்குக் கீழே தூளி கட்டாதீர்கள், காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள். அப்புறம், தூளியைத் துணியால் மூடவும் வேண்டாம். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.